மூன்று லட்சத்தில் தொடங்கிய ஸ்காலர்ஷிப்

கல்லூரி ஆபீஸ் ஜன்னலில் அதற்கு ‘எஸ்.சி. ஸ்காலர்ஷிப்’ என்று பெயர். அரசாணைகளில் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. பத்தாம் வகுப்பு தேறிய பட்டியல் சாதி மாணவர், பதினொன்றாம் வகுப்பிலிருந்து முனைவர் பட்டம் வரை எதைப் படித்தாலும், குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தால் இதை வாங்கலாம். மார்க் போட்டி கிடையாது. இத்தனை பேருக்குத்தான் என்ற கட்டுப்பாடும் கிடையாது. கல்லூரிப் படிப்புக்கு இந்திய அரசு தரும் பண உதவிகளில், பிறந்த நாள் தொட்டு இன்றுவரை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும் மிகப் பழைய திட்டங்களில் ஒன்று இது. நாடு சுதந்திரம் அடைவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டது.

இந்தப் பணத்தில் படித்து வக்கீலானவர்கள், என்ஜினீயரானவர்கள், வாத்தியாரானவர்கள் நம்மைச் சுற்றி நிறையப் பேர் இருக்கிறார்கள். அரசியல் சட்டத்தை எழுதியவர் அம்பேத்கர் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தங்கள் காலேஜ் ஃபீஸை வாதாடி வாங்கிக் கொடுத்தவரும் அவரே என்பது பலருக்குத் தெரியாது. நான்கு சுவருக்குள், ஒரு வைஸ்ராயின் முன்னால், கணக்கு வழக்கோடு நடந்த வாதம் அது. ஊர்வலமோ உண்ணாவிரதமோ இல்லாததால்தான் அது பாடப் புத்தகத்தில் ஏறாமல் போயிற்று என்று நினைக்கிறேன்.

1942 ஜூலையில் அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்றார். இன்றைய கணக்கில் மத்திய அமைச்சர் பதவி போன்றது. பதவியேற்று நான்கு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 29ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபுவிடம் ஒரு மனுவைக் கொடுத்தார். பட்டியல் சாதியாரின் குறைகள் என்பதே அதன் தலைப்பு. மனு என்று சொன்னாலும், படித்துப் பார்த்தால் அது ஒரு வக்கீலின் வழக்குரை போலவே இருக்கும். சட்டசபை இடங்கள், அரசுப் பதவிகள், படிப்பு, காண்ட்ராக்ட் வரை ஒவ்வொன்றாக எடுத்து, இவ்வளவு இருக்கிறது, இதில் எங்களுக்கு வந்தது இவ்வளவு என்று எண்களை அடுக்கிக்கொண்டே போகிறார். அன்றைய ஐ.சி.எஸ். அதிகாரிகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் ஒரே ஒருவர்.

அந்த மனுவின் கல்விப் பகுதிக்கு வருமுன், அதை எழுதிய மனிதர் எந்தப் பணத்தில் படித்தார் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் மனுவில் அவர் கேட்டது ஒவ்வொன்றிலும் அந்த அனுபவம் இருக்கிறது.

பீமராவ் அம்பேத்கர் 1907இல் மெட்ரிக் தேறினார். மகர் சாதியில் ஒரு பையன் மெட்ரிக் தேறுவது பம்பாயில் பாராட்டுக் கூட்டம் போடுகிற அளவுக்குப் பெரிய செய்தி. அந்தக் கூட்டத்துக்கு வந்த கிருஷ்ணாஜி அர்ஜுன் கேளுஸ்கர் என்ற ஆசிரியர், தான் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்றைப் பையனுக்குப் பரிசாகக் கொடுத்தார். எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்த பீமராவ் இன்டர்மீடியட் முடித்தபோது, தந்தை ராம்ஜியின் ஓய்வூதியத்தில் மேற்கொண்டு படிக்க வழியில்லை. மறுபடியும் கேளுஸ்கர்தான் வந்தார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களில் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கு உதவுவேன் என்று பரோடா மன்னர் சயாஜிராவ் கெய்க்வாட் அறிவித்திருந்ததை நினைவில் வைத்திருந்து, பையனை மன்னர்முன் கொண்டுபோய் நிறுத்தினார். மன்னர் சில கேள்விகள் கேட்டார். பதில்கள் அவருக்குப் பிடித்திருந்தன. மாதம் 25 ரூபாய் என்று முடிவாயிற்று. 1912இல் பொருளாதாரமும் அரசியலும் படித்து பி.ஏ. முடித்தார்.

அடுத்த ஆண்டு பரோடா அரசு சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப எண்ணியது. அந்தப் பட்டியலில் அம்பேத்கரும் இடம்பெற்றார். 1913 ஜூன் 4ஆம் தேதி ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். மாதம் பதினொன்றரை பவுண்டு வீதம் மூன்று ஆண்டுகளுக்குப் பணம் வரும். சொன்ன பாடத்தைத்தான் படிக்க வேண்டும். படிப்பு முடிந்து திரும்பியதும் பத்து ஆண்டு பரோடா சமஸ்தானத்தில் வேலை பார்க்க வேண்டும். அந்தப் பணத்தில்தான் கொலம்பியா பல்கலைக்கழகம், நியூயார்க்கின் பழைய புத்தகக் கடைகள், எம்.ஏ., பிறகு லண்டன் எல்லாம். லண்டனில் படிப்பு பாதியில் இருக்கும்போதே உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917இல் பட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார்.

ஒப்பந்தப்படி பரோடாவுக்கு வேலைக்குப் போனார். மன்னரின் ராணுவச் செயலாளர் பதவி. ஆனால் அந்த ஊரில் அவருக்கு வாடகைக்கு ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியொன்றில் சாதியை மறைத்துத் தங்கினார்; விஷயம் தெரிந்ததும் தடியோடு வந்த கும்பல் வெளியேற்றியது. அலுவலகத்தில் பியூன் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமீது வீசினான். பத்து ஆண்டு வேலைக்குக் கையெழுத்திட்டவர் சில நாட்களிலேயே பம்பாய்க்கு ரயிலேறினார். அதன்பின் சிடனம் கல்லூரியில் பேராசிரியராக வேலை பார்த்து மிச்சம் பிடித்த காசு, கோலாப்பூர் சாகு மகாராஜாவின் உதவி, நவல் பதேனா என்ற பார்சி நண்பர் கொடுத்த கடன், மூன்றையும் சேர்த்துக்கொண்டுதான் 1920இல் மறுபடி லண்டனுக்குப் போய், விட்ட பட்டங்களை முடித்தார்.

இன்றைய மாணவர் ஒருவர் கல்லூரிப் பணத்துக்காகத் தட்டுகிற அத்தனை கதவுகளும் இந்த ஒரு வாழ்க்கையில் இருக்கின்றன. கல்வி உதவித்தொகை, வேலை பார்த்துக் கழிக்க வேண்டிய பாண்டு, சொந்தச் சேமிப்பு, தனியார் கொடை, கைமாற்றுக் கடன். எல்லாம் நல்ல மனிதர்களால் கிடைத்தவை. கேளுஸ்கர் என்ற ஒருவர் அந்த நாளில் அந்தக் கூட்டத்துக்கு வராமல் இருந்திருந்தால்? சயாஜிராவ் போன்ற ஒருவர் பக்கத்தில் இல்லாத ஊரில் அந்தப் பையன் பிறந்திருந்தால்? அப்படிப் பிறந்தவர்கள் லட்சக்கணக்கில் இருந்தார்கள், தமிழ்நாடு உட்பட.

முப்பது ஆண்டு கழித்து வைஸ்ராயிடம் மனு எழுத உட்கார்ந்த அம்பேத்கர், தர்மத்தை நம்பியிருக்கிற இந்த நிலையை மாற்றி, அரசின் பட்ஜெட்டில் ஆண்டுதோறும் எழுதப்படும் ஒரு தொகையாக ஆக்கப் பார்த்தார். கேட்டது இரண்டு. இந்தியப் பல்கலைக்கழகங்களில் அறிவியல், தொழில்நுட்பம் படிக்கும் பட்டியல் சாதி மாணவர்களுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய். இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளுக்குப் போய்ப் படிப்பவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம். ஆக மொத்தம் 3 லட்சம். இதோடு அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் தொழில் பழக இடம் வேண்டும் என்றும் கேட்டார்.

இந்த 3 லட்சத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்துக்கு மத்திய அரசு ஆண்டுக்கு 3 லட்சம் கொடுத்துக்கொண்டிருந்தது. பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் 3 லட்சம். முஸ்லிம்களின் படிப்புக்கு ஒன்று, சாதி இந்துக்களின் படிப்புக்கு ஒன்று என்று கொடுக்கிறீர்கள். இரண்டு இடத்திலும் கால் வைக்க முடியாத எங்களுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது அவர் கேள்வி. அரசாங்கம் தன் கையால் எழுதிய செலவுக் கணக்கையே அதன் முன்னால் விரித்து வைத்துவிட்டார். இல்லை என்று சொல்ல வைஸ்ராய்க்கு வழியில்லை.

அந்தச் சந்திப்பில் நடந்ததை அம்பேத்கரே பின்னாளில் ஒரு பேச்சில் சொல்லியிருக்கிறார். நீங்கள் கோபித்துக்கொள்ளாவிட்டால் ஒன்று கேட்கிறேன், நான் ஒருவன் ஐந்நூறு பட்டதாரிகளுக்குச் சமமா இல்லையா என்று லின்லித்கோவிடம் கேட்டாராம். வைஸ்ராய் ஒப்புக்கொண்டார். அது எதனால் என்று அடுத்த கேள்வி. படிப்பால், அரசின் உச்சியில் உட்காரும் அளவுக்குப் பெற்ற படிப்பால். என் மக்களைக் காப்பாற்ற வேண்டுமானால் எல்லாப் பக்கமும் பார்வை போகிற அந்த இடங்களில் உட்காரக்கூடியவர்கள் எனக்கு வேண்டும், வெறும் குமாஸ்தாக்களால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று விளக்கினார்.

இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். அடித்தட்டில் கோடிக்கணக்கானோர் எழுத்தறியாமல் இருக்கும்போது, முதலில் ஆரம்பப் பள்ளிக்குத்தானே பணம் கேட்க வேண்டும் என்று அன்றும் சொன்னவர்கள் உண்டு, இன்றும் உண்டு. ஆரம்பப் பள்ளி வேண்டாம் என்று அம்பேத்கர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் அன்று ஆரம்பக் கல்வி மாகாண அரசுகளின் பொறுப்பு. மத்திய அரசிடம் கேட்கக்கூடியது உயர்கல்விதான். தவிர, ஒரு கிராமத்தில் பத்துப் பேர் நான்காம் வகுப்புவரை படிப்பதால் அந்த ஊர்த் தாசில்தாரின் மனம் மாறிவிடாது. அவர்களில் ஒருவர் தாசில்தாராக வந்து உட்கார்ந்தால் ஊரின் நடப்பே மாறும் என்று அவர் கண்டிருந்தார். கல்லூரிப் பட்டத்துக்கான உதவித்தொகையை ஏழைக்குச் செய்யும் சகாயமாகப் பார்க்காமல் அதிகாரத்தில் பங்கு கேட்கும் வழியாகப் பார்த்தது அவருடைய தனிச் சிறப்பு. என் மனதில் இந்தக் கதையின் உயிரே இதுதான்.

அதே மனுவின் இன்னொரு விளைவும் இதை உறுதிப்படுத்துகிறது. 1943 ஆகஸ்டில் மத்திய அரசுப் பணிகளில் பட்டியல் சாதியாருக்கு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல், அதாவது பன்னிரண்டில் ஓர் இடம், ஒதுக்கி ஆணை வந்தது. 1946இல் அது பன்னிரண்டரை சதவீதமாயிற்று. இடம் ஒதுக்கியாயிற்று, அந்த இடத்துக்கு விண்ணப்பிக்கப் பட்டதாரி வேண்டுமே? ஒதுக்கீடும் உதவித்தொகையும் ஒரே மனுவில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைப் பற்றி நாடே எண்பது ஆண்டாக வாதாடுகிறது. மற்றொன்றைப் பற்றிப் பேச்சே இல்லை.

1944இல் இந்திய அரசு திட்டத்தைத் தொடங்கியது. ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய். வைஸ்ராய் நாற்காலியில் அதற்குள் வேவல் வந்துவிட்டிருந்தார். ஜான் சார்ஜண்ட் கல்வி ஆலோசகராக இருந்த கல்வித் துறைதான் பணத்தைக் கையாண்டது. வெளிநாட்டுக்குத் தேர்வானவர்களில் முதல் அணி போர் முடிகிற காலத்தில் கப்பலேறியது.

சென்னை மாகாணத்தில் அப்போது நிலைமை எப்படி இருந்தது? நம் பக்கத்தில் பள்ளிக்கூடமும் விடுதியும் சற்று முன்பே வந்துவிட்டன. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் 1892இல் பறையர் நிலைபற்றி எழுதிய அறிக்கைக்குப் பிறகு பஞ்சமர் பள்ளிகள் என்று தனியாகத் தொடங்கின. இருபதுகளில் லேபர் கமிஷனர் கையில் ஒடுக்கப்பட்டோர் நலன் வந்து, அவர் நடத்திய பள்ளிகளுக்கு ‘லேபர் ஸ்கூல்’ என்றே ஊரில் பெயர் விழுந்தது. விடுதிகளும் சிறு உதவித்தொகைகளும் அந்தத் துறை மூலம் வந்தன. ஆனால் லேபர் ஸ்கூலில் தொடங்கியவர் பட்டம் வரை போவது அபூர்வமாகவே இருந்தது. பள்ளி முடிந்த இடத்தில் பணமும் நின்றது. அந்த இடத்திலிருந்துதான் 1944இன் திட்டம் தொடங்குகிறது. மெட்ரிக்குக்கு மேல் என்ற பெயரும் அதற்காகவே.

சுதந்திரம் வந்ததும் பல பழைய ஏற்பாடுகள் கலைந்தன. இது கலையவில்லை. 1948-49இல் பழங்குடியினரையும், அடுத்த ஆண்டு இதர பிற்படுத்தப்பட்டோரையும் சேர்த்துக்கொண்டார்கள். நலிந்த பிரிவினரின், குறிப்பாகப் பட்டியல் சாதியினர், பழங்குடியினரின், கல்வி நலனைச் சிறப்பு அக்கறையோடு அரசு வளர்க்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தின் 46ஆம் பிரிவு சொன்னதும், 1951இல் சென்னை மாகாணத்தின் செண்பகம் துரைராஜன் வழக்கைத் தொடர்ந்து முதல் சட்டத் திருத்தம் 15ஆம் பிரிவில் புதிதாக ஒரு உட்பிரிவைச் சேர்த்ததும் இதற்குச் சட்டத் துணையாயின. வெளிநாட்டுப் படிப்புக்கு 1954-55 முதல் தனித் திட்டம் வந்தது. உள்நாட்டுத் திட்டம் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டை விட்டுவிட்டு, தகுதி உள்ள அனைவருக்கும் என்று விரிந்தது. ஆயிரத்தில் ஒருவரைப் பொறுக்கி எடுத்த சயாஜிராவின் முறை இங்கே முடிவுக்கு வந்தது.

இதில் வலி தரும் ஒரு பக்கமும் உண்டு. பட்டியல் சாதி யார் என்று தீர்மானிக்கும் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை, சில சீக்கியச் சாதிகள் தவிர, இந்துக்களை மட்டுமே சேர்த்தது. 1956இல் சீக்கியர் முழுமையாகச் சேர்க்கப்பட்டனர். அதே 1956இல் நாக்பூரில் அம்பேத்கர் பௌத்தம் தழுவினார்; லட்சக்கணக்கானோர் அவரோடு போனார்கள். போனவர்கள் மத்திய அரசின் கண்ணில் பட்டியல் சாதி என்ற தகுதியை இழந்தார்கள். அம்பேத்கர் வாங்கிக் கொடுத்த திட்டத்துக்கு வெளியே அம்பேத்கரைப் பின்பற்றியவர்களின் பிள்ளைகள் நிற்க நேர்ந்தது. 1990இல்தான் பௌத்தர்களுக்கு அந்தத் தகுதி திரும்பி வந்தது. கிறித்தவர்களுக்கு இன்றுவரை இல்லை. தமிழ்நாட்டில் மதம் மாறிய ஆதிதிராவிடக் கிறித்தவ மாணவர்களுக்கு மாநில அரசு தன் பணத்தில் இதே உதவியைத் தருகிறது. சேரி ஒன்றாக இருக்கும்போது, சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பிள்ளைக்கு மட்டும் ஃபீஸ் இல்லை என்று சொல்வதில் நியாயம் இல்லை என்பதை இங்கே ஆண்ட கட்சிகள் எல்லாமே ஏற்றுக்கொண்டன. பாராட்ட வேண்டிய விஷயம்.

தமிழ்நாடு இன்னொன்றும் செய்தது. தனியார் சுயநிதிக் கல்லூரிகள் பெருகிய பிறகு, ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்கள் அங்கே சேர்ந்தாலும் கட்டாயக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்று 2012 செப்டம்பரில் அரசாணை எண் 92ஐ வெளியிட்டது. கிராமத்துப் பிள்ளைகள் பொறியியல் கல்லூரிக்குக் கூட்டமாகப் போன காலம் அது. இந்த ஆணையைக் கையில் ஜெராக்ஸ் எடுத்து வைத்துக்கொண்டு கல்லூரி அலுவலகங்களில் வாதாடிய அப்பாக்களும் மாணவர் அமைப்பினரும் உண்டு. 2018இல் மத்திய அரசின் புதிய வழிமுறைகள் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை இல்லை என்றபோது, முந்தைய அரசாணையை நம்பிச் சேர்ந்த பலர் நடுவழியில் தவித்தார்கள்.

இன்னொரு சிக்கல் யாருடைய கண்ணிலும் படாமல் கணக்குப் புத்தகத்துக்குள் வளர்ந்துகொண்டிருந்தது. திட்டத்தின் நிதி ஏற்பாடு இப்படி: ஓர் ஐந்தாண்டுத் திட்டத்தின் கடைசி ஆண்டில் ஒரு மாநிலத்தில் எவ்வளவு செலவானதோ, அந்தத் தொகை அடுத்த திட்டக் காலம் முழுவதும் ஆண்டுதோறும் மாநிலத்தின் பொறுப்பு. அதற்கு மேல் ஆவதை மட்டும் மத்திய அரசு தரும். கேட்க நியாயம் போலத் தோன்றும். நடைமுறையில், அதிக மாணவர்களைக் கல்லூரிக்கு அனுப்பிய மாநிலத்தின் தலையில் அதிகச் சுமை ஏறியது. 2017இல் பன்னிரண்டாம் ஐந்தாண்டுத் திட்டம் முடிந்து, ஐந்தாண்டுத் திட்டங்கள் என்ற முறையே போனபோது, மாநிலங்களின் பொறுப்புத் தொகை ஒரேயடியாக எகிறியது. மத்திய அரசு தந்தது 2017 முதல் 2020 வரை ஆண்டுக்குச் சராசரியாக 1,100 கோடி ரூபாய் அளவில் நின்றுவிட்டது. மாநிலங்கள் கைவிரித்தன, கல்லூரிகள் மாணவர்களை நெருக்கின. பணம் வரவில்லை என்று மாற்றுச் சான்றிதழை, மதிப்பெண் பட்டியலைப் பிடித்து வைத்துக்கொண்ட கல்லூரிகள் பல மாநிலங்களில் இருந்தன.

2020 டிசம்பர் 23ஆம் தேதி மத்திய அமைச்சரவை இந்த முறையைக் கைவிட்டு, மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு என்று மாற்றியது. 2026 வரையிலான ஐந்து ஆண்டுகளுக்கு மொத்தம் 59,048 கோடி ரூபாய். அதில் 35,534 கோடி மத்திய அரசுடையது. ஐந்து ஆண்டில் நான்கு கோடி மாணவர்களுக்குப் பயன் சேரும் என்றது அறிவிப்பு. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுகிற மிக ஏழை மாணவர்கள் 1.36 கோடிப் பேரை உள்ளே கொண்டுவருவதும் நோக்கங்களில் ஒன்று. மாநிலம் தன் 40 பங்கை மாணவரின் கணக்கில் போட்ட பிறகு, மத்திய அரசு தன் 60ஐ நேராக அதே கணக்கில் போடும்.

இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். ஆனால் பணம் கிடைக்கிற நாளுக்கும் கல்லூரி ஃபீஸ் கேட்கிற நாளுக்கும் நடுவே உள்ள இடைவெளியை இது அடைக்கவில்லை. ஜூன், ஜூலை மாதங்களில் எந்த ஊர் இ-சேவை மையத்துக்குப் போனாலும் அந்த இடைவெளியை நேரில் பார்க்கலாம். மாணவியின் பெயர் பள்ளிச் சான்றிதழில் முன்னெழுத்தோடு ‘மு. செல்வி’ என்றிருக்கும், ஆதாரில் ‘செல்வி முருகன்’ என்றிருக்கும், வங்கிப் புத்தகத்தில் முன்னெழுத்து பின்னால் போயிருக்கும். கணினிக்கு இவர்கள் மூன்று பேர். சாதிச் சான்றிதழ் ஒருமுறை வாங்கினால் போதும். வருமானச் சான்றிதழ் ஓர் ஆண்டுக்கு மேல் செல்லாது. பள்ளியில் படிக்கும்போது தொடங்கிய ஜீரோ பேலன்ஸ் கணக்கு பரிமாற்றம் இல்லாமல் முடங்கிக் கிடக்கும். ஓ.டி.பி. அப்பாவின் போனுக்குப் போகும்; அப்பா கட்டட வேலையில் வெளியூரில் இருப்பார். இப்படி ஏதோ ஒரு முடிச்சில் மாட்டி, விண்ணப்பம் ‘பெண்டிங்’ என்று நிற்கும். முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போகும் வீட்டில் இதை அவிழ்க்கத் தெரிந்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். அம்பேத்கருக்குக் கேளுஸ்கர் செய்த வேலையை, இன்று ஒவ்வொரு கல்லூரியிலும் ஒரு குமாஸ்தாவோ, ஒரு பேராசிரியரோ, மேல் வகுப்பு அக்காவோ செய்தால்தான் இந்தப் பணம் உரியவரிடம் போய்ச் சேருகிறது.

தொகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கட்டணம் தனி, கைச்செலவுக்குத் தரும் கல்விப்படி தனி. 2021இல் வந்த வழிமுறைப்படி, மருத்துவம், பொறியியல் போன்ற முதல் பிரிவுப் படிப்பில் விடுதியில் தங்குபவருக்கு ஆண்டுக்கு 13,500 ரூபாய், வீட்டிலிருந்து வருபவருக்கு 7,000. சாதாரண பி.ஏ., பி.எஸ்ஸி. படிப்பவர் விடுதியில் இருந்தால் 6,000, வீட்டிலிருந்து வந்தால் 3,000. மாதத்துக்கு 250 ரூபாய். நூறு ஆண்டுக்கு முன்னால் பரோடா மன்னர் அதே பி.ஏ. படிப்புக்கு மாதம் 25 ரூபாய் கொடுத்தார். அந்த 25இல் அன்று ஒரு மாணவர் படிக்க முடிந்தது. இன்றைய 250இல் மாதாந்திர பஸ் பாஸ் வாங்கிவிட்டு மிச்சத்தில் நோட்டுப் புத்தகம் வாங்கலாம், அவ்வளவுதான். வருமான வரம்பும் பத்து ஆண்டுக்கு மேலாக 2.5 லட்சத்திலேயே நிற்கிறது. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். அம்மா ஓர் இடத்தில், அப்பா ஓர் இடத்தில் ஆளுக்குப் பதினோராயிரம் சம்பாதித்தால் அந்த வீடு வரம்பைத் தாண்டிவிடும். பிற்படுத்தப்பட்டோரில் வசதியானவர் யார் என்று தீர்மானிக்க 8 லட்சம் என்று வைத்திருக்கும் அரசு, பட்டியல் சாதி ஏழை யார் என்பதற்கு 2.5 லட்சம் என்று வைத்திருப்பதை ஏற்கவே முடியாது. இதையும் 8 லட்சமாக உயர்த்த வேண்டும்.

இந்தத் திட்டத்துக்குப் பின் வந்த தம்பி தங்கைகள் பல. வங்கிகள் தரும் கல்விக் கடனுக்கு 2001இல் பொதுவான மாதிரித் திட்டம் வந்தது. தமிழ்நாட்டில் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கான கட்டணச் சலுகை 2010இல் தொடங்கியது. 2022 செப்டம்பரில் புதுமைப் பெண், 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன். அரசுப் பள்ளியில் படித்துவிட்டுக் கல்லூரி போகிறவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். ஒவ்வொன்றுக்கும் தனிக் கதை உண்டு. படிப்புக்கான பணம் அரசின் கடமை என்ற எண்ணத்தை அகில இந்திய அளவில் பட்ஜெட்டில் ஏற்றியதில் 1942இன் அந்த மனுவுக்குப் பெரும் பங்கு உண்டு.

எனவே உங்கள் வீட்டிலோ தெருவிலோ பத்தாம் வகுப்போ பன்னிரண்டாம் வகுப்போ முடித்த ஆதிதிராவிட, பழங்குடிப் பிள்ளை இருந்தால், கல்லூரி திறக்கும்வரை காத்திருக்க வேண்டாம். வருமானச் சான்றிதழுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். வங்கிக்குப் போய், ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது, அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறதா என்று கேட்டு வரச் சொல்லுங்கள். சான்றிதழ்களில் பெயர் வேறுபட்டால் பள்ளி ஆவணத்தை வைத்து மற்றவற்றைத் திருத்துங்கள். முதல் ஆண்டு வாங்கியவர்கள் அடுத்த ஆண்டும் புதுப்பிக்க மறக்கக் கூடாது. கல்லூரியில் பதில் கிடைக்காவிட்டால் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலர் இருக்கிறார். அவரிடம் எழுத்தில் கொடுத்து, கொடுத்ததற்கு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.